பூனையும் நாயும் உள்ள வீட்டில் கொலு: காகிதக்கூழ் கரைப்பதிலிருந்து பரணில் ஏற்றுவது வரை

நான்கு வருடங்களுக்கு முன், நவராத்திரி இரண்டாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கூடத்தில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், எங்கள் பூனை சுக்கு மேல்படியில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. கீழே மச்சாவதாரம் மூன்று துண்டாகக் கிடந்தது. மாமியார் பண்ருட்டியில் வாங்கிய களிமண் தசாவதார செட் அது. பத்து அவதாரங்களில் மீனைப் பார்த்துத்தான் தள்ளியிருக்கிறது. தற்செயல் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் இன்றுவரை நம்பவில்லை.

மீதி நாட்களுக்குச் சுக்குவைப் படுக்கையறையில் அடைத்து வைத்தோம். அது கதவைப் பிறாண்டிக்கொண்டே அழுதது. சுண்டலுக்கு வந்தவர்கள் எல்லாம், “உள்ளே யார், குழந்தையா?” என்று கேட்டார்கள். பண்டிகை யாருக்கும் இனிக்கவில்லை. அடுத்த வருடம் முறையை மாற்றினேன். பூனைக்கும் நாய்க்கும் எட்டுகிற இடத்தில் விழுந்தாலும் உடையாத பொம்மைகள் மட்டும் இருக்கும். அவற்றை நாமே காகிதத்தில் செய்துவிடுவது. அதற்குப் பிறகான பழக்கத்தில் கற்றதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மகாளய அமாவாசைக்கு 3 வாரம் முன்பே தொடங்க வேண்டும். புரட்டாசியில் சாயங்கால மழை எப்போது பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. காகிதக்கூழ் காய வெயில் வேண்டும்.

படிகளைப் பங்கு பிரித்தல்

எந்தப் படியில் எது என்பதற்கு வழிவழியாக ஒரு முறை உண்டு. கீழே ஓரறிவு உயிர்களான புல், செடி. அடுத்து சங்கு, நத்தை. பிறகு எறும்பு, நண்டு, விலங்கு, பறவை என்று ஏறி, ஆறாம் படியில் மனிதர்கள், அதற்குமேல் மகான்கள், தேவர்கள், உச்சியில் தெய்வங்கள். தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பிரித்திருக்கும் வரிசையை இது நினைவூட்டும். 9 படி வைப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். என்னைப் போல 5 படிக்காரர்கள் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு அளவுநாடாவை எடுத்து உங்கள் நாயின் வால் நுனி ஆடும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் வேலுவின் வால் சரியாக 2 அடி உயரத்தில் ஆடும். எங்கள் படி ஒவ்வொன்றும் 8 அங்குலம். ஆக, முதல் 3 படிகளும் வேலுவின் ஆட்சிக்குள் வந்துவிடுகின்றன. அந்த மூன்றும் காகிதத்துக்கு. செடி, விலங்கு, காய்கறிக்காரி, செட்டியார் கடை எல்லாம் அங்கேதான் வர வேண்டும் என்பதால் மரபும் நம் பக்கமே இருக்கிறது. மேலே உள்ள 2 படிகளில் களிமண் பொம்மைகள், கலசம், மரப்பாச்சி. மரப்பாச்சிக்கு நான் பயப்படுவதே இல்லை. செம்மரத்தில் கடைந்தது, விழுந்தால் தரைக்குத்தான் சேதம்.

கூழ்

250 கிராம் பழைய செய்தித்தாள் போதும். 6 அங்குல உயரத்தில் ஐந்தாறு பொம்மைகள் வரும். வழவழப்பான இணைப்பிதழ்களைத் தனியே எடுத்துவிடுங்கள். அவை எவ்வளவு ஊறினாலும் நார் பிரியாது. மீதியை விரல் நகம் அளவுக்குக் கிழித்து, மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி ஓர் இரவும் ஒரு பகலும் ஊறவிடுங்கள். கிழிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் வேலுவும் உதவுகிறான். கிழித்ததில் பாதியை மென்றுவிடாமல் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டியிருக்கிறது.

ஊறியதைப் பழைய மிக்ஸி ஜாரில் நிறையத் தண்ணீருடன் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். ஒரே தடவையில் அடைத்தால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். பருத்தித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் விரல் தடம் பதிய வேண்டும். அதுதான் பதம்.

இனி பசை. பழைய முறையில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். விலங்குகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்; மயில்துத்தம் விஷம், மைதாப் பசையோ நாய்க்குப் பலகாரம் மாதிரி மணக்கும். அதற்குப் பதில் வெந்தயம். முந்தைய தலைமுறைப் பெண்கள் காகிதக்கூழில் வெந்தயத்தை அரைத்துச் சேர்த்துக் கூடையும் தட்டும் செய்தார்களே, அதே கைப்பக்குவம்தான். 50 கிராம் வெந்தயத்தை இரவு ஊறவைத்து, வழவழவென்று அரைத்து, பிழிந்த கூழோடு கலந்து, மேலே 4 மேசைக்கரண்டி ஃபெவிகாலும் விட்டுச் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். வெந்தயம் பிடிப்பைக் கொடுக்கும், பூச்சியைத் தள்ளி வைக்கும். கசப்பு என்பதால் வேலு ஒரு முறை நக்கியதோடு சரி.

உப்பும் மைதாவும் பிசைந்து பொம்மை செய்யும் முறையைப் பல குழந்தைகள் பள்ளியில் கற்று வருகிறார்கள். நாய் இருக்கும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். ஒரு சின்ன உருண்டையில் இருக்கும் உப்பே நாயின் உடம்புக்கு மிக அதிகம். வாந்தி, நடுக்கம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பைரவர் வாகனமும் சஷ்டி வாகனமும்

முதல் பொம்மையாக உங்கள் வீட்டு நாயையோ பூனையையோ செய்யுங்கள். தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை. பைரவருக்கு வாகனம் நாய். வங்காளத்தில் பிள்ளைகளைக் காப்பதாக வழிபடும் சஷ்டி தேவிக்கு வாகனம் பூனை. கொலுவில் இருவருக்கும் நியாயமான இடம் உண்டு.

கூழை உருண்டையாகத் திரட்டி அப்படியே பொம்மை பிடிப்பது தொடக்கக்காரர்கள் செய்யும் பிழை. வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, நாலாம் நாள் பூஞ்சை பூக்கும். உள்ளுக்கு உலர்ந்த காகிதத்தைக் கசக்கி உருட்டி, நூலால் இறுக்கிச் சுற்றி ஓர் எலும்புக்கூடு கட்டுங்கள். உட்கார்ந்த பூனைக்கு ஒரு பெரிய உருண்டை, ஒரு சின்ன உருண்டை, ஒரு முறுக்கிய வால், இவ்வளவுதான். அதன்மேல் கூழைக் கால் அங்குலத்துக்கு மிகாமல் அப்புங்கள். காதுகளை அட்டையில் வெட்டிச் சொருகிவிட்டுப் பிறகு மெழுகினால் நிமிர்ந்து நிற்கும். ஈரக்கையால் கடைசியாக ஒரு முறை தடவிவிடுங்கள்.

நல்ல வெயிலில் நாலைந்து நாள். காய்ந்துவிட்டதா என்று தெரிய, பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. காக்கையும் பூனையும் வராத மொட்டைமாடி கிடைத்தால் அதிர்ஷ்டம்; இல்லையென்றால் கம்பிக்கூடையைக் கவிழ்த்து மேலே ஒரு செங்கல் வையுங்கள். மிச்சக் கூழ் ஃப்ரிஜ்ஜில் 2 நாள் தாங்கும், பிறகு புளித்து நாறும்.

தள்ளினாலும் எழுந்து நிற்கும் பொம்மை

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பார்த்திருப்பீர்கள்: அடி உருண்டை, தள்ளினால் சாய்ந்து, நாலு தடவை ஆடி, மறுபடி நிமிர்ந்துவிடும். பூனைக்காகவே எவரோ கண்டுபிடித்தது போலிருக்கிறது. அதன் சூட்சுமம் எடையில் உள்ளது. பாரம் முழுவதும் அடியில், மேலே எல்லாம் லேசு. மொத்த எடையின் மையம், அடிப்பாகம் எந்தப் பந்தின் பாதியோ அந்தப் பந்தின் நடுப்புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை பொம்மை எழுந்துகொள்ளும். மேலே போனால் படுத்துவிடும்.

செய்முறை: 10 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பந்து ஒன்றை எடுத்துப் பாதிவரை எண்ணெய் தடவுங்கள். பட்டை பட்டையாகக் கிழித்த செய்தித்தாளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்து, அந்தப் பாதியின்மேல் 8 அடுக்கு ஒட்டுங்கள். காய்ந்ததும் கிண்ணம் போலக் கழன்று வரும். மணலில் ஃபெவிகாலைப் பிசைந்து சுமார் 150 கிராம் எடுத்து, கிண்ணத்தின் பாதி ஆழம்வரை அழுத்தி வையுங்கள். இறுகச் சில நாள் ஆகும். வெறும் களிமண் வைத்தால் காய்ந்து சுருங்கி உள்ளே கடகடக்கும், அனுபவம்.

உடம்புக்கு அட்டையைக் கூம்பாகச் சுற்றிக் கிண்ணத்தின் விளிம்பில் காகிதப் பட்டையால் ஒட்டுங்கள். உயரம் 15 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். தலைக்கு வெறும் கசக்கிய காகித உருண்டை; அதன்மேல் மூக்கு, உதடு வரும் இடத்தில் மட்டும் துளிக் கூழ். ஆசைப்பட்டுக் கொண்டை, கிரீடம் எல்லாம் கூழில் ஏற்றினால் ராணி தலைகுப்புற விழுவாள். என் முதல் ராணி அப்படித்தான் விழுந்தாள். அதனால் வண்ணம் பூசும் முன்பே மேசையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். எழவில்லையா, கூம்பின் பின்பக்கம் சின்னத் துளை போட்டு இன்னும் 30 கிராம் மணல்பசையை உள்ளே தள்ளுங்கள்.

முதல் வருடம் இரண்டாம் படியில் ராஜா, ராணி இருவரையும் வைத்தேன். சுக்கு வந்து ராஜாவை ஒரு தட்டு தட்டியது. அவர் சாய்ந்து, நிமிர்ந்து, எதிரே நின்று தலையாட்டினார். பூனை இரண்டடி பின்னால் போய்விட்டது. பிறகு அரைமணி நேரம் அதே விளையாட்டு. மேலே இருந்த களிமண் செட்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்ணம்

காய்ந்த பொம்மையை உப்புத்தாளால் தேய்த்து, சாக்பீஸ் பொடியும் ஃபெவிகாலும் கலந்த வெள்ளைப் பூச்சு 2 முறை கொடுங்கள். அதன்மேல் அக்ரிலிக். போஸ்டர் கலர் மலிவுதான், ஆனால் ஈர நாக்கு பட்டால் கரைந்து வரும். டர்பன்டைன் கலக்க வேண்டிய எனாமல், வார்னிஷ் இரண்டையும் தவிருங்கள். பூனை மேலே பட்டதை எல்லாம் நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும், பாதத்தில் ஒட்டியது வயிற்றுக்குத்தான் போகும். கண்ணை எப்போதும் கடைசியாக எழுதுங்கள். பொம்மைக்காரர்களும் அப்படித்தான்.

ஜிகினா, சரிகை நூல், ரிப்பன் ஆகியவற்றைக் கீழ்ப்படிகளில் கண்ணில் காட்டாதீர்கள். பூனை நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுத்து அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தொங்கினால் பிடித்து இழுக்காமல் அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நகை வேண்டிய இடத்தில் தங்க நிறத்தால் வரைந்துவிடுவது என் வழக்கம்.

படி கட்டுதல்

அமாவாசைக்கு 4 நாள் முன்பே வெறும் படியைக் கட்டிவிடுங்கள், பொம்மை இல்லாமல். பூனைக்கு வீட்டில் புதிதாக ஒன்று வந்தால் மோந்து, ஏறி, படுத்துப் பார்த்தால்தான் நிம்மதி. அந்த ஆராய்ச்சி எல்லாம் இந்த 4 நாளில் முடிந்துவிடும். இரும்புப் படியோ, டிரங்குப் பெட்டியும் பலகையுமோ எதுவாக இருந்தாலும் பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்கட்டும். நீங்களே ஒரு முறை அசைத்துப் பாருங்கள்.

மேலே விரிக்கும் வேட்டியைத் தரைவரை தொங்கவிட்டால் பூனை நகத்தை மாட்டி இழுக்கும், வரிசையே சரியும். ஒவ்வொரு படியின் மடிப்பிலும் இழுத்து, இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டுங்கள். குண்டூசி வேண்டாம், ஒன்று விழுந்தாலும் தேடிக் கிடைக்காது. படியின் அடியில் உள்ள இருட்டு, பூனைக்குச் சொர்க்கம். அதை அடைக்க நான் பட்ட பாடு வீண். இப்போது ஒரு பக்கம் வேட்டியை ஒரு சாண் விலக்கி வாசல் விட்டு, உள்ளே அதன் பழைய மெத்தையைப் போட்டுவிடுகிறேன். விருந்தாளிகள் வந்தால் சுக்கு அங்கே போய்விடும். கொலுவின் அடியில் ஒரு பூனை உறங்குவது வந்தவர்கள் பலருக்குத் தெரியாது.

இன்னொன்று, கொலுவின் உச்சியைவிட உயரமான ஓர் இடத்தைப் பூனைக்குக் கொடுங்கள். பக்கத்தில் உள்ள பீரோவின் மேல் ஒரு துண்டை விரித்தால் போதும். உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் ஆசை, கலசத்தின் மேல் உட்கார வேண்டும் என்பதல்ல.

களிமண் பொம்மைகளின் அடியில், சுவரில் போஸ்டர் ஒட்ட விற்கும் மாவு போன்ற ஒட்டைப் பட்டாணி அளவு உருட்டி மூன்று இடத்தில் வைத்து அழுத்துங்கள். எடுக்கும்போது திருகினால் வண்ணம் பெயராமல் வரும். எங்கள் மச்சாவதாரம் கழுத்தில் ஒட்டுத் தழும்போடு இப்படித்தான் நிற்கிறது. தொடர் விளக்குகளின் வயரைப் படிக்குப் பின்னால் விட்டு, படுக்கப் போகும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

பூங்கா

கொலுவுக்கு முன்னால் மணல் பரப்பி, கேழ்வரகு தூவி, குளமும் கோயிலும் வைத்துப் பூங்கா அமைப்பது குழந்தைகளுக்கு உயிர். பூனை வீட்டில் மணல் பரப்பினால் என்ன ஆகும் என்று நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. முளைத்து வந்த பயிரின் நடுவே, குளத்துக்குப் பக்கத்தில், தினமும் காலையில். என் மகள் அழுதே விட்டாள்.

தீர்வு எளிது. அகலமான தட்டில் தென்னைநார்க் கழிவைப் பரப்பிக் கேழ்வரகைத் தூவி, மேலே கோழிவலைக் கம்பியை வெட்டி விளிம்புவரை அழுத்திப் பொருத்துங்கள். பயிர் வலைக்கண் வழியே எழும்பிவரும். தோண்ட முடியாத இடத்தைப் பூனை சீந்தாது. 5 நாள் முன்பே விதைத்தால் முதல் நாளைக்குப் பச்சை வந்துவிடும். பாதைகளுக்கு மணலுக்குப் பதில் கூழாங்கல். கூடவே ஒரு சின்னத் தொட்டியில் கோதுமை விதைத்துப் பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், மேய்வதற்கு அது அங்கே போகும்.

பூ, தாம்பூலம், சுண்டல்

மல்லிகை, ரோஜா, செம்பருத்தி பயமில்லை. அரளி எந்த நிறமாக இருந்தாலும் வீட்டுக்குள் வேண்டாம். இலை, பூ, ஏன், பூவை வைத்திருந்த தண்ணீர்கூட இதயத்தைத் தாக்கும் விஷம். லில்லி பூங்கொத்தை யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கி, அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அதன் மகரந்தத் தூள் பட்ட ரோமத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெடும். சாமந்தியை மேல்படியோடு நிறுத்துங்கள், மென்றால் வாந்தி எடுக்கும்.

கற்பூர டப்பாவை மூடி அலமாரியில் வையுங்கள். அகல் விளக்கைத் தரையில் வைக்காதீர்கள். குத்துவிளக்கை அகலமான பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவே நிறுத்தினால், வாலைக் கொண்டுபோகும் பூனையும் தண்ணீரைப் பார்த்து ஒதுங்கும்.

தாம்பூலத் தட்டு பலரும் கவனிக்காத இடம். பாக்கில் உள்ள ‘அரிக்கோலின்’ என்ற வேதிப்பொருள் ஒரு காலத்தில் நாய்களுக்குக் குடற்புழு நீக்க மருந்தாகவே பயன்பட்டது. அளவு மீறினால் எச்சில் ஒழுகும், வயிறு பிய்த்துக்கொள்ளும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் போடும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறும், அதனால் ஒன்றுகூட வேண்டாம். தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியத்தில் இறங்காமல், என்ன தின்றது, எத்தனை, எப்போது என்று குறித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வேலுவுக்கும் சுண்டல் உண்டு. கொண்டைக்கடலை வெந்ததும் உப்புப் போடுவதற்கு முன் ஏழெட்டை எடுத்து மசித்து ஆறவைத்துவிடுவேன். தாளித்த வாசனைக்கு அவன் வாசலில் உட்கார்ந்து முறையிடுவான். அதற்கெல்லாம் இளகக்கூடாது.

மாலை நேரம்

பூனை வெயிலில் உறங்கி அந்தியிலும் விடியலிலும் துள்ளும் பிராணி. நாம் விளக்கேற்றி விருந்தாளிகளை அழைக்கும் நேரமும் அதுவே. 5 மணிக்கு ஒரு 10 நிமிடம் குச்சியில் இறகு கட்டி நன்றாக ஓடவிட்டு, உடனே சாப்பாடு போடுங்கள். தன்னை நக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடும். நாயை விருந்தாளிகள் வருமுன் ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்து, உள்ளறையில் மெல்ல ஏதாவது கொடுத்து உட்கார வையுங்கள். புது மனிதர்கள், பட்டுப்புடவை, பாட்டு எல்லாம் சேர்ந்தால் நல்ல நாயும் ஒரு தாவு தாவும்.

வரும் குழந்தைகளிடம் வாசலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கீழ்ப்படி பொம்மைகளை எடுத்து விளையாடலாம், ராஜாவைத் தள்ளிப் பார்க்கலாம். தொடாதே, தொடாதே என்று கத்தாத ஒரு கொலு அவர்களுக்கும் புதுசு.

விஜயதசமிக்குப் பிறகு

விஜயதசமி இரவு சம்பிரதாயத்துக்கு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எடுத்து வைக்கத் தொடங்குங்கள். காகிதப் பொம்மைகளை முதலில் ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, இடையில் காய்ந்த வேப்பிலை போடுங்கள். அந்துருண்டை வேண்டாம்; நாப்தலீன் நாய்க்கும் பூனைக்கும் விஷம், பெட்டியைத் திறக்கும்போது ஒன்று உருண்டு ஓடினால் அதைத் துரத்திப் பிடிப்பது நீங்களாக இருக்கமாட்டீர்கள். காது ஒடிந்தது, வண்ணம் கீறியது எல்லாவற்றையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். தீபாவளிக்கு இன்னும் 3 வாரம்கூட இருக்காது, அதன்பிறகு கை ஓயாது. ராஜா ராணியைப் படுக்க வைத்துக் கட்டவே முடியாது, எழுந்து எழுந்து நிற்பார்கள். ஒரு சின்ன வாளியில் நிற்க வைத்துச் சுற்றிலும் துணி அடைப்பேன்.

பரணில் ஏற்றும் முன் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். போன வருடம் பூட்டைத் தேடப் போன ஐந்து நிமிடத்தில், மூன்றாவது பெட்டியில் மடித்து வைத்த வேட்டியின்மேல் சுக்கு சுருண்டு தூங்கிவிட்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அந்தப் பெட்டி மட்டும் மறுநாள்தான் பரண் ஏறியது.